சுங்கை சிப்புட்டில் ‘கவுன்சலிங் சென்டர்’ போர்டு போடுவதற்கு முன்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர் நீங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தனியார் கல்லூரியில் பி.டி.பி.டி.என். எனும் அரசாங்க உயர்கல்விக் கடன் எடுத்து உளவியல் பட்டம் முடித்தீர்கள். இப்போது ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் வேலை. சாயங்காலமானால் தாமானில், அதாவது குடியிருப்பில், இருக்கும் அக்காமாரும் பள்ளிப் பிள்ளைகளும் உங்களிடம் வந்து மனசில் இருப்பதைக் கொட்டுகிறார்கள். இதைப் பார்த்த கோயில் கமிட்டி, “மண்டபத்தில் ஓர் அறை தருகிறோம், கவுன்சலிங் சென்டர் என்று போர்டு போடும்மா” என்கிறது. போடலாமா, அதற்கு என்ன உரிமம் வேண்டும், எத்தனை வருஷம் ஆகும், இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

போர்டு இப்போது வேண்டாம். உங்கள் உளவியல் பட்டம் நல்ல அடித்தளம், ஆனால் அது உங்களைக் கவுன்சலர் ஆக்கவில்லை. கவுன்சலிங் துறையிலேயே அங்கீகாரம் பெற்ற ஒரு முதுகலைப் படிப்பு, அதற்குள் மேற்பார்வையோடு கூடிய களப்பயிற்சி, பிறகு கவுன்சலர் வாரியத்தில் பதிவு, அதன்பின் தொழிற்சான்றிதழ் என்பதுதான் உங்கள் பாதை. வேலை பார்த்துக்கொண்டே படித்தால் எல்லாம் சேர்த்து நான்கு வருஷத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பதிவு பெற்ற கவுன்சலர், பேராக் தோட்டப்புறக் குடும்பங்களோடு வேலை செய்பவள். நம் ஊரில் இந்தத் தொழிலுக்குத் தமிழ் பேசும் ஆள் எவ்வளவு தேவை என்பது தெரியும். அதனால்தான் விளக்கமாக எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1998ஆம் ஆண்டுக் கவுன்சலர்கள் சட்டம், அதாவது சட்டம் 580, மலேசியாவில் யார் கவுன்சலர் என்று தொழில் செய்யலாம் என்பதை வரையறுக்கிறது. லெம்பாகா கவுன்சலர் மலேசியா என்ற வாரியம் அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்தது. மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் பொறுப்பில் வருகிறது. அந்த வாரியத்தில் உங்கள் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு மட்டும் இருந்தாலும் போதாது, நடப்பில் உள்ள பெராக்குவான் அமாலான், அதாவது தொழிற்சான்றிதழ், கையில் இருக்க வேண்டும். ஒரு கவுன்சலரின் பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கே.பி. என்பது கவுன்சலர் பெர்டாஃப்தார், அதாவது பதிவு பெற்ற கவுன்சலர்; பி.ஏ. என்பது அந்தச் சான்றிதழ். இரண்டும் இல்லாமல் கவுன்சலர் என்று சொல்லிக்கொண்டு தொழில் நடத்துவது குற்றம். கட்டணம் வாங்கவில்லை, கோயில் சேவைதானே என்ற சமாதானத்தை நம்பி இறங்காதீர்கள்.

இந்தச் சட்டத்தைப் படித்தவர்களுக்கு மட்டும் சாதகமான வேலி என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கோலாலம்பூரின் வசதியான பங்சாரில் இருக்கும் ஒருவர் கவுன்சலரைத் தேடும்போது நாலு பேரை ஒப்பிட்டுப் பார்ப்பார், தகுதியை விசாரிப்பார், பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்வார். நம் ஊர் அக்காவுக்கு அந்த வசதி கிடையாது. யார் ‘டாக்டர் மாதிரி’ பேசுகிறாரோ அவரை நம்பிவிடுவார். வார இறுதியில் ஓட்டலில் நடந்த இரண்டு நாள் பயிற்சியின் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு, ஓர் அமர்வுக்கு முந்நூறு வெள்ளி கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஏமாந்தோம் என்பதைக்கூட அறிய முடியாத மக்களுக்குத்தான் உரிமம் அதிகம் பயன்படுகிறது. வாரியத்தின் இணையப் பட்டியலில் ஒருவரின் பெயரைத் தேடிப் பார்க்கலாம் என்பதை உங்கள் தாமானில் நாலு பேருக்குச் சொன்னாலே அது பெரிய உதவி.

அதே நேரத்தில் சட்டம் உங்கள் வாயைக் கட்டவில்லை. பக்கத்து வீட்டு அக்கா அழுதால் உட்கார்ந்து கேட்கலாம். கிளினிக்குக்கு வண்டியில் கூட்டிப் போகலாம். பாரம் நிரப்பிக் கொடுக்கலாம். மனநலத்தைப் பற்றிக் கோயிலில் பேசலாம். கவுன்சலர் என்ற பெயரை எடுத்துக்கொண்டு அந்தத் தொழிலைச் செய்வதைத்தான் சட்டம் தடுக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம், ஏனென்றால் நம் ஆட்கள் எல்லாரையும் ‘மனநல டாக்டர்’ என்று ஒரே பெயரில் சேர்த்துவிடுகிறார்கள். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்து, அதன்மேல் மனநல மருத்துவத்தில் நிபுணத்துவம் பெற்றவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் அந்தத் துறையில் முதுகலை முடித்தவர். அவருக்கு வேறு சட்டம், 2016ஆம் ஆண்டு வந்த சட்டம் 774. கவுன்சலர் மருந்து எழுத மாட்டார். துக்கம், திருமணச் சிக்கல், பிள்ளைகளின் பிரச்சினை, வேலை, குடியிலிருந்து மீளுதல், லேசான பதற்றம், மனச்சோர்வு போன்றவற்றில் பேச்சு வழியே வேலை செய்வார். காதில் குரல் கேட்கிறது என்று ஒருவர் வந்தால் மருத்துவரிடம் அனுப்புவது கவுன்சலரின் கடமை. உங்களுக்கு எதில் ஈடுபாடு என்று இப்போதே யோசியுங்கள். சோதனைகள் நடத்திக் கடுமையான நோய்களோடு வேலை செய்யத்தான் ஆசை என்றால் மருத்துவ உளவியல் பக்கம் போக வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், குடும்பங்களோடும் பிள்ளைகளோடும் உட்காரத்தான் மனசு என்று தெரிகிறது. அது கவுன்சலிங்தான்.

இனி படிப்பு. இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நம் பிள்ளைகள் அதிகமாகப் பணம் இழக்கும் இடம் இதுதான். படிப்பின் பெயரில் ‘கவுன்சலிங்’ இருந்தால் போதும் என்று நம்பிவிடுகிறார்கள். போதாது. அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தக் குறிப்பிட்ட படிப்பை வாரியம் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். உயர்கல்வித் தகுதிகளை மதிப்பிடும் எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரம் வேறு, வாரியத்தின் அங்கீகாரம் வேறு. முன்னது இருந்து பின்னது இல்லாவிட்டால், பட்டம் செல்லும், பதிவு கிடைக்காது. கல்லூரி விற்பனை மேசையில் இருப்பவர் “கிடைக்கும் கிடைக்கும்” என்பார். அவர் சொல்லை வைத்து முன்பணம் கட்டாதீர்கள். படிப்பின் முழுப் பெயர், பல்கலைக்கழகம், நீங்கள் சேரும் ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பிட்டு வாரியத்துக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் எழுத்தில் வரட்டும். வெளிநாட்டு இணையவழிப் படிப்புகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், களப்பயிற்சி எப்படி நடந்தது என்பதை வாரியம் பார்க்கும்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மலாயாப் பல்கலைக்கழகம், புத்ரா, தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் கவுன்சலிங் நீண்ட காலமாகக் கற்பிக்கப்படுகிறது. தனியார் பக்கம் ஹெல்ப் பல்கலைக்கழகத்தில் கவுன்சலிங் முதுகலை இருக்கிறது. வேலையை விடாமல் படிக்க நினைக்கும் உங்களுக்குத் தஞ்சோங் மாலிமை முதலில் விசாரிக்கச் சொல்வேன். சுங்கை சிப்புட்டிலும் ஈ.டி.எஸ். ரயில் நிற்கிறது, தஞ்சோங் மாலிமிலும் நிற்கிறது. வகுப்பு எந்த நாளில், வார இறுதியா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். உளவியல் பட்டதாரி என்பதால் சில பாடங்களைக் கூடுதலாக எடுக்கச் சொல்லலாம், அதையும் முன்பே கேளுங்கள். முழுநேரம் என்றால் ஏறத்தாழ இரண்டு வருஷம். பகுதிநேரம் என்றால் மூன்றோ நான்கோ.

வீட்டில் படிவம் ஐந்து, ஆறு படிக்கும் தம்பி தங்கைகள் இருந்தால் அவர்களுக்கு இதைவிட நேரான வழி இருக்கிறது. எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து, அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூ.பி.யூ. வழியாகக் கவுன்சலிங் இளங்கலைக்கே விண்ணப்பிக்கலாம். மலாயா, உத்தாரா, திரெங்கானு, சரவாக் பல்கலைக்கழகங்களில் இந்தப் பட்டம் இருக்கிறது. இளங்கலையே வாரியம் ஏற்ற படிப்பாக இருந்தால் முதுகலை இல்லாமலே பதிவுக்கு விண்ணப்பிக்க முடியும். நேர்முகத் தேர்வு வைக்கும் இடங்களும் உண்டு. நம் பிள்ளைகள் அந்த நேர்முகத்தில் மலாய் மொழியில் தயங்குவதால்தான் பின்தங்குகிறார்கள், மதிப்பெண்ணால் அல்ல. வீட்டில் மலாயில் பேசிப் பழகச் சொல்லுங்கள்.

பணம். அரசாங்கப் பல்கலைக்கழகக் கட்டணம் தனியாரைவிடக் கணிசமாகக் குறைவு. ஈ.பி.எஃப். சேமநிதிச் சந்தாதாரர் என்பதால் செஜாத்ரா கணக்கிலிருந்து படிப்புக்காகப் பணம் எடுக்க முடியும். சொந்தப் படிப்புக் கட்டணத்துக்கு வருமான வரியில் 7,000 ரிங்கிட் வரை கழிவும் உண்டு. பழைய பி.டி.பி.டி.என். கடனை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வாருங்கள். கட்ட முடியாத மாதம் இருந்தால் மறைக்காமல் அவர்களோடு பேசி அட்டவணையை மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, அந்தப் படிப்பில் என்னதான் நடக்கிறது? ‘எனக்கு ஏற்கெனவே பேசத் தெரியும், பட்டம் மட்டும்தான் குறை’ என்று பலர் நினைத்து வருகிறார்கள். முதல் பருவத்திலேயே அது மாறிவிடும். நம் தோட்டத்து வழக்கத்தில் ஒருவர் துயரம் சொன்னால் உடனே அறிவுரை சொல்வோம். “பொறுத்துக்கோம்மா, பிள்ளைங்க முகத்தைப் பாரு.” “நாலு பேர் என்ன நினைப்பாங்க.” “எங்க காலத்துல நாங்க படாததா.” அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் கேட்பவள் அதோடு வாயை மூடிக்கொள்வாள். பயிற்சியின் பாதி, இந்த வழக்கத்தை உங்கள் நாக்கிலிருந்து எடுப்பதுதான். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒருவர் மாறுவதற்கு உதவுபவரிடம் இருக்க வேண்டியவை என்று முக்கியமாக மூன்றைச் சொன்னார்: வந்தவரைத் தீர்ப்புச் சொல்லாமல் ஏற்பது, அவர் இடத்தில் நின்று அவர் உணர்வதைப் புரிந்துகொள்வது, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்றில்லாமல் உண்மையாக இருப்பது. கேட்க எளிது. மகளை அடித்த தகப்பன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது செய்து பாருங்கள், எவ்வளவு கடினம் என்று தெரியும்.

களப்பயிற்சியில் உண்மையான ஆட்களோடு உட்காருவீர்கள். அவர்கள் சம்மதத்தோடு அமர்வைப் பதிவு செய்து, வரி வரியாக எழுதி, மேற்பார்வையாளரிடம் காட்டுவீர்கள். “இந்த இடத்தில் அவர் அழ வந்தார், நீங்கள் ஏன் பேச்சை மாற்றினீர்கள்?” என்று கேட்பார். உங்கள் அப்பா குடித்திருந்தால், குடிகாரர் ஒருவர் முன் உங்களுக்கு எழும் கோபம் அங்கே வெளியே வரும். அதைப் பார்த்துக் கையாளப் பழகுவதற்குத்தான் அத்தனை மணி நேரப் பயிற்சி. அவசரமும் ஆபத்து என்று அங்கே கற்பீர்கள். ரப்பர் பால் வெட்டும் கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயம்பட்டு, மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும் அல்லவா? சிறு வயதில் வன்கொடுமைக்கு ஆளான ஒருத்தியிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்ல வைப்பதும் அப்படித்தான் முடியும். எப்போது கேட்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. மேற்பார்வையாளர் இல்லாத படிப்பை நான் சந்தேகிப்பது இதனால்தான்.

களப்பயிற்சிக்கு இடம் தேடும்போது கோலாலம்பூரையே பார்க்காதீர்கள். பல்கலைக்கழகம் ஒத்துக்கொண்டால் பேராக்கிலேயே ஓர் இடைநிலைப்பள்ளியோ, மருத்துவமனையோ, சமூக நல இல்லமோ கிடைக்கும். நம் ஊர் மக்களின் பிரச்சினை நம் ஊரில்தான் தெரியும்.

பட்டம் வந்ததும் வாரியத்தில் பதிவுக்கு விண்ணப்பம். மதிப்பெண் பட்டியல், களப்பயிற்சிச் சான்றுகள் எல்லாவற்றையும் அனுப்புவீர்கள், நேர்முகத்துக்கு அழைப்பார்கள். அங்கே கோட்பாட்டை ஒப்பிக்கச் சொல்வதைவிட, ஒரு சூழ்நிலையைக் கொடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்பது வழக்கம். தொழில் நெறியை நன்றாகப் படித்துக்கொண்டு போங்கள். தொழிற்சான்றிதழை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர்ந்து பயிற்சிகளில் கலந்துகொண்டிருக்க வேண்டும். பெர்காமா என்ற மலேசியக் கவுன்சலிங் சங்கத்தில் மாணவராக இருக்கும்போதே சேர்ந்துவிடுங்கள். ஒரு சிற்றூரில் தனியாக வேலை செய்பவருக்குச் சக தொழிலாளர் தொடர்பு மிகவும் அவசியம்.

உரிமம் கிடைத்தபின் சுங்கை சிப்புட்டில் வேலை எப்படி இருக்கும் என்பது நீங்கள் கேட்காத கேள்வி. ஆனால் எனக்கு மனசில் அதிகம் நிற்பது அதுதான்.

நம் ஊரில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள். கோயில் மண்டபத்து அறைக்கு ஒருத்தி வந்தால், வெளியே நிற்கும் மோட்டாரைப் பார்த்தே யார் உள்ளே என்று சொல்லிவிடுவார்கள். மாலைக்குள் அது கடைத்தெருவுக்குப் போய்விடும். அதனால்தான் கோயில் அறையை, உரிமம் கிடைத்த பிறகும், நான் பரிந்துரைக்க மாட்டேன். கமிட்டித் தலைவரின் மருமகள் அங்கே வந்து தன் மாமியாரைப் பற்றிப் பேச முடியுமா? ஈப்போவிலோ சிம்மோரிலோ பல அலுவலகங்கள் இருக்கும் ஒரு கட்டடத்தின் மாடியில் சின்ன அறை போதும். எதற்காக வந்தார் என்று வெளியில் தெரியக் கூடாது. கவுன்சலர் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதைச் சட்டம் 580உம் சொல்கிறது. உங்கள் அம்மா, “அந்தப் பொண்ணு எதுக்கு உன்கிட்ட வந்துச்சு?” என்று கேட்டாலும் பதில் இல்லை. வந்தார் என்பதைக்கூடச் சொல்லக் கூடாது. வீட்டில் இதை முதல் நாளே பேசிவிடுங்கள். உங்கள் சித்தி மகளுக்கோ நெருங்கிய தோழிக்கோ நீங்கள் கவுன்சலராக முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வேறொருவரிடம் அனுப்ப வேண்டும்.

இரகசியத்துக்கும் எல்லை உண்டு, அதை முதல் அமர்விலேயே வந்தவரிடம் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மௌனமாக இருக்க முடியாது. பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம், சட்டம் 792, அப்படி ஒரு குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. இது கவுன்சலருக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும். “குடும்பத்துக்குள்ளயே பேசி முடிச்சுக்குவோம்” என்று பெரியவர்கள் உட்காருவார்கள். நீங்கள் அந்தப் பாயில் உட்காரக் கூடாது. கணவன் அடிக்கிறான் என்று வருபவளுக்கு, சமூக நல இலாகா அதிகாரி ஏழு நாள் செல்லும் அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்க முடியும், அதற்குப் போலீஸ் புகார் கட்டாயமில்லை என்ற தகவல் தெரிந்திருக்க வேண்டும். சில நேரங்களில் ஓர் அமர்வு முழுக்க ஆறுதல் சொல்வதைவிட இந்த ஒரு தகவல் அவளை அன்றிரவு காப்பாற்றும்.

தற்கொலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலேசியத் தற்கொலைப் பதிவேட்டின் அறிக்கைகளில் மக்கள்தொகை விகிதப்படி இந்தியர்கள்தான் முன்னால் இருந்தார்கள். தோட்டங்களில் பல காலம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது களைக்கொல்லி. பாராகுவாட் நச்சுக்கு முறிமருந்து கிடையாது. குடித்துவிட்டு மனம் மாறியவர்களைக்கூடக் காப்பாற்ற முடியாமல் போனது அதனால்தான். 2020ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து மலேசியாவில் அது தடை செய்யப்பட்டது. உதவி தேட விடாமல் இருந்த ஒரு முட்டுக்கட்டையும் நீங்கியிருக்கிறது. தற்கொலைக்கு முயல்பவருக்கு ஓராண்டு வரை சிறை என்றிருந்த குற்றவியல் சட்டப் பிரிவு 309ஐ நாடாளுமன்றம் 2023இல் நீக்கியது. அதுவரை குடும்பங்கள் “தெரியாமல் குடித்துவிட்டான்” என்றே மருத்துவமனையில் சொல்லி வந்தன, அதனால் மனநலப் பிரிவின் உதவியும் பலருக்குக் கிடைக்காமல் போனது. இப்போது உண்மையைச் சொல்லலாம். இந்தச் செய்தி நம் தாமான்களுக்கு இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. உரிமம் இல்லாமலே நீங்கள் நாளைக்கே செய்யக்கூடிய வேலை, இதைச் சொல்வதுதான்.

யாராவது உங்களிடம் வந்து “வாழவே பிடிக்கல” என்றால், சாக நினைக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள், வீட்டில் இருக்கும் மருந்தையும் விஷத்தையும் அப்புறப்படுத்துங்கள், மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555, சமூக நலத்துக்கான தாலியான் காசே 15999, பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929 என்ற எண்களைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இப்போது மனசு அந்த நிலையில் இருந்தால், அந்த எண்கள் உங்களுக்கும்தான்.

நம் ஆட்கள் மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். தலை சுற்றுகிறது, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்று ஒரு வெள்ளி கொடுத்துக் கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் வரிசையில் உட்காருவார்கள். அங்கேயும் தீராவிட்டால் பூசாரியிடம் போவார்கள். பூசாரியோடு சண்டை போடாதீர்கள். திருநீறு போடட்டும், கூடவே மருத்துவரையும் பார்க்கட்டும். ஊரில் நல்ல பூசாரி ஒருவரைப் பழக்கப்படுத்திக்கொண்டால், “இந்தப் பொண்ணைக் கொஞ்சம் பாருங்க” என்று அவரே அனுப்பி வைப்பார்.

இன்னொரு பெரிய தடை, தஞ்சோங் ரம்புத்தான். நமக்குப் பக்கத்து ஊர். 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை, இன்றைய பஹாகியா மருத்துவமனை, அங்கே இருப்பதால் சின்ன வயதிலிருந்தே அந்தப் பெயரைத் திட்டுவதற்குப் பயன்படுத்திக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆகவே மனசு சரியில்லை என்று சொல்ல வாய் திறப்பவருக்கு முதலில் வரும் பயம், அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்களோ என்பதுதான். பெரும்பாலானவர்களுக்கு மருத்துவமனையில் தங்கவே தேவையில்லை, ஊரிலிருந்தே போய் வந்து குணமாகலாம் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். நாட்டின் 2019ஆம் ஆண்டு சுகாதார ஆய்வில் பெரியவர்களில் நூற்றுக்கு 2.3 பேருக்கு மனச்சோர்வு இருந்தது, 2023இல் அது 4.6 ஆனது. நம் தாமானில் எத்தனை வீடு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கூடவே ஊரின் வரலாற்றையும் படியுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் சேர்த்துத் தோட்டம் வாங்கினார் என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாத் தோட்டமும் அப்படித் தப்பவில்லை. வீட்டுமனைக்கும் வேறு பயிருக்கும் மாறிய இடங்களிலிருந்து லயத்து மக்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்தார்கள். கோயில், பிள்ளைக் கொட்டகை, பக்கத்து வீட்டு ஆயா என்று பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இருந்த எல்லாம் ஒரே நேரத்தில் போயின. இன்று உங்கள் முன் உட்காரும் ஐம்பது வயது அப்பாவின் குடிக்குப் பின்னால் அந்த இழப்பும் இருக்கலாம். அவரைத் தனி ஒருவரின் குணக்கேடாக மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

கடைசியாகப் பிழைப்பு. சுங்கை சிப்புட்டில் கட்டணம் மட்டும் வாங்கித் தனியாக நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றலாம் என்று சொல்ல மாட்டேன். தோட்டத் தொழிலாளியால் அமர்வுக்கு நூற்றைம்பது வெள்ளி கொடுக்க முடியாது. நிலையான சம்பளம் வேண்டுமென்றால் அரசுப் பணி ஆணையமான எஸ்.பி.ஏ. வழியாக அரசாங்கத்தில் உளவியல் அதிகாரி வேலைக்கு விண்ணப்பியுங்கள். மருத்துவமனை, சிறை, சமூக நல இலாகா, போதைப்பொருள் தடுப்பு நிறுவனம் என்று பல இடங்களில் அந்தப் பணி உண்டு. தமிழ் பேசும் அதிகாரி இருந்தால் அங்குள்ள நம் ஆட்களுக்கு எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லி முடியாது. ஆசிரியர் தகுதியும் சேர்ந்தால் பள்ளிக் கவுன்சலராகலாம். சிறிய தமிழ்ப்பள்ளிகளில் முழுநேரக் கவுன்சலர் இருப்பது அரிது. பக்கத்துப் பள்ளிகள் நான்கைந்து சேர்ந்து ஒருவரை வாரம் ஒரு நாள் அழைக்க பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடம் பேசிப் பார்க்கலாம். தொழிற்சாலைகளும் இப்போது ஊழியர்களுக்காகக் கவுன்சலரை ஒப்பந்தத்தில் எடுக்கின்றன, உங்கள் மனிதவள அனுபவம் அங்கே கைகொடுக்கும். நகரத்தில் மூன்று நாள் கட்டணத்துக்கு வேலை, ஊரில் இரண்டு நாள் குறைந்த கட்டணத்துக்கு என்று பிரித்துக்கொள்வதுதான் என் கணிப்பில் நடைமுறைக்கு ஒத்து வரும்.

கோயில் கமிட்டிக்கு இப்படிச் சொல்லுங்கள்: அறை வேண்டாம், மண்டபத்தை மட்டும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள். கே.பி., பி.ஏ. உள்ள ஒருவரை அழைத்துப் பேச வைக்கிறேன், கேள்வி கேட்க விரும்புபவர்கள் பிறகு தனியாகத் தொடர்புகொள்ளட்டும். அழைக்க ஆள் கிடைக்காவிட்டால் எழுதுங்கள், நான் வருகிறேன். அதோடு இந்த வாரம் வாரியத்துக்கு அந்த மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள். எந்தப் படிப்புகள் ஏற்கப்பட்டவை என்ற பதில் வந்ததும் எனக்குக் காட்டுங்கள், எங்கே விண்ணப்பிப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.